ஆற்றுக்கு அடியிலிருந்து ஓர் 'உம்'

முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் நாலு மா நஞ்சை நிலத்தை, ஒரே ஒரு 'உம்' சொல்லி வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கப் பார்த்தவன் நான். அதைத் திருத்தப் போய்ச் செய்தது அதைவிட மோசம். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வாய் பேசத் தெரியாதவன் என்றுதான் எங்கள் தெருவில் எனக்குப் பெயர். உண்மையில் பேசத் தெரியும். பேச ஆரம்பித்தால் காது சூடாகும், உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை நான் பிரித்தெடுப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். அதனால் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் 'உம்' சொல்லிப் பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் அது எனக்கு ஒரு வேலையாகவே ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பா அன்றன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுவார். யாராவது ஒருவர் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுபோனால், "கேக்குறியா, இல்ல தூங்கிட்டியா?" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அண்ணன்கள் நழுவிவிடுவார்கள், நான் மாட்டிக்கொள்வேன். நாளடைவில் காது ஒரு பக்கமும் உம் ஒரு பக்கமுமாகத் தனித்தனியாக ஓடப் பழகிவிட்டன. (தூக்கத்தில்கூடக் கொட்டியிருக்கிறேன். அம்மா சாட்சி.) பத்தாம் வகுப்பு முடித்து நான் வெளியே வந்தபோது உருப்படியாகக் கற்றிருந்தது அது ஒன்றுதான்.

இருபத்துமூன்று வயதில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கடலோர ஊர்களுக்குக் கொண்டுபோகிற வேலை. போன ஆட்சியில் அடிக்கல் நாட்டி, புது ஆட்சியில் குழாய் பதித்ததால், இது எங்கள் சாதனை என்று இரண்டு கட்சிக்காரர்களும் பாலத்துச் சுவரில் அடுத்தடுத்து எழுதியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் இரண்டையும் நம்பவில்லை. இன்றைக்குத் தண்ணீர்க் குழாய் என்று வருவார்கள், நாளைக்கு அதே தடத்தில் எரிவாயு எடுக்க நிலத்தைப் பிடுங்குவார்கள் என்று பயம். காரணமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மா நிலத்துக்கும் பின்னால் ஒரு சண்டை, ஒரு வழக்கு, சில வீடுகளில் ஒரு சாவும் உண்டு.

நாங்கள் வெண்ணாற்றைக் கடக்க வேண்டிய இடத்தில் ஆடி மாதத்துத் தண்ணீர் இரு கரையையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறிக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அக்கரையில் ஓர் எந்திரத்தைச் சாய்வாக நிறுத்தி, கம்பிக்குப் பின்னால் கம்பியாக முடுக்கித் துளை போட்டார்கள். துளை ஆற்றுப் படுகைக்கும் கீழே இறங்கி, வளைந்து, எங்கள் கரையில் வந்து எட்டிப் பார்த்தது. (அந்த இரும்பு மூக்கு என் காலுக்கு நாலடி தள்ளி மண்ணைப் பிளந்துகொண்டு வந்தபோது நான் பாலம் வரைக்கும் ஓடினேன்.) இத்தனைக்கும் ஆற்றில் ஒரு குமிழிகூட வரவில்லை. மேலே ஒருவர் நிதானமாக வலை வீசிக்கொண்டிருந்தார்.

இக்கரையில் எங்கள் வேலை, கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்களின் வாயைச் சூடான தகட்டில் உருக்கி, ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டி, முந்நூற்றைம்பது மீட்டருக்கு ஒரே குழாயாக ஆக்குவது. என் தலை உள்ளே போகும், தோள் போகாது, அவ்வளவு அகலம். கரைச் சாலை ஓரமாக அது மலைப்பாம்பு மாதிரி படுத்துக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை அதன் முனையைத் துளைக்குள் மாட்ட, அக்கரை எந்திரம் இழுத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இந்தக் கரையில் ஒரு வாய், அந்தக் கரையில் ஒரு வாய். நடுவில் ஆறு தன்பாட்டுக்கு ஓடிற்று.

அடுத்து அதில் தண்ணீரை அழுத்தி, ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கான பம்பு வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தது. குழாய் வாய்க்குப் போடும் மூடிகளும் வரவில்லை. எங்கள் குழுவின் மேஸ்திரி துரைசிங்கம் அண்ணன், பேராவூரணிக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

"செல்வம், நீ இங்கயே குந்து. ஆட்டுக்குட்டி பூந்துரும், எவனாவது கல்லைத் தூக்கிப் போட்ருவான். பாத்துக்கிட்டாப் போதும். யாருகிட்டயும் பேச வேண்டியதில்ல, அதான் உன்னைப் போடுறேன்."

எனக்கு அதைவிட நல்ல வேலை எவரும் கொடுத்ததில்லை. அவர் அக்கரைக்குப் போய் எந்திரத்தைப் பிரிக்கிற ஆட்களோடு இருந்துவிட்டார். நான் இக்கரையில் தனியாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுது. அந்த நேரத்தில் ஆற்றங்கரைக்கு ஆள் வராது. வேலி ஓரத்து நாய்கூட எழுந்து எங்கோ போய்விட்டது. வெயிலில் ஆற்றைப் பார்க்கக் கண் கூசியது. நான் குழாய் வாய்க்குப் பக்கத்தில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். அப்போதுதான் முழங்கையில் சில்லென்று பட்டது. திரும்பினேன். குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். அந்த வேகாத வெயிலில், கிணற்று அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குளிர். கொஞ்ச நேரம் வெளியே விட்டது. நின்றது. பிறகு மெதுவாக உள்ளே இழுத்தது. என் சட்டை நுனி அதன் பக்கம் ஆடியது.

பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு கவளம் தயிர்சாதத்தை வாயில் போட்டேன்.

"என்னங்க..."

குழாய்தான் கூப்பிட்டது.

"என்னங்க... சாப்டீங்களா?"

பெண் குரல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி சன்னமாக, ஆனால் நீள அறைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கார்வையோடு. என் உடம்பில் இருந்த மயிர் எல்லாம் எழுந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். எனக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் கால் அசையவில்லை, கேள்வியோ நியாயமான கேள்வி, நான் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தேன். நான் தடுப்பதற்குள் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

"உம்."

என் குரல் குழாய்க்குள் போவதை நானே கேட்டேன். போகப் போகத் தடித்து, வயதாகி, யாரோ ஒரு கிழவருடைய குரலாக ஆகி ஆற்றுக்கு அடியில் மறைந்தது. பிறகு ஒரு விசும்பல். நான் கவளத்தை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"போயிட்டீங்களா?"

அந்த இரண்டாவது கேள்வியை அவர் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு ஒருவன் பேசாமல் இருந்தால் அவன் மனிதனில்லை என்று அப்போது தோன்றியது. இன்னொரு 'உம்' போட்டேன். (போகவில்லை என்ற பொருளில். எந்தப் பொருளில் போய்ச் சேர்ந்ததோ.)

சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு அந்தக் குரல் வந்தது. பசு கன்று போட்டதைச் சொன்னது. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்றது. நாற்று விட்டாகிவிட்டது, ஆள்தான் கிடைக்கவில்லை என்றது. நானும் விடாமல் உம் கொட்டினேன். ஆற்றுக்கு மேலே கொக்கு பறந்துகொண்டிருந்தது; கீழே யாரோ ஒருவருடைய குடும்பம் நடந்துகொண்டிருந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. குழாய் அந்தக் குளிர்க் காற்றை என் முகத்தில் விடும்போதெல்லாம் உட்கார்ந்தபடியே ஒரு முழம் பின்னால் நகர்ந்தேன். ஆனாலும் குரல் நின்ற பிறகு, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று இருந்தது.

அன்று சாயங்காலம் பாலத்தடி டீக்கடையில் துரைசிங்கம் அண்ணனே விஷயத்தைச் சொன்னார்.

"அந்தக் கரையில நம்ம பைப்பு வெளிய வந்துருக்குது பாரு, அதுக்கு ஒட்டுனாப்லதான் சுடுகாடு. பங்குனியில கலியபெருமாள்னு ஒரு ஆளை அங்க எரிச்சிருக்காங்க. அவரு சம்சாரம் தனபாக்கியம்னு பேரு. மத்தியானம் ஆனா பைப்புக்குப் பக்கத்துல வந்து குந்திக்கிட்டு தனியா பேசுது. புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு ஊரே சொல்லுது."

"உம்" என்றேன்.

"புள்ள குட்டி இல்ல. நாலு மா நெலம். அந்தாளோட அப்பன் மிராசுதாரை எதுத்து செங்கொடி புடிச்சு, அடிபட்டு, ஜெயிலுக்குப் போயி, கடைசியில நில உச்சவரம்புச் சட்டத்துல பட்டா வாங்குன நெலம். இப்ப கொழுந்தன்காரன் மாரிமுத்து, 'அண்ணி, உங்க பங்கை எனக்கு எழுதிக் குடுத்துருங்க, நான் கஞ்சி ஊத்துறேன்'னு நிக்கிறான். அவன் ஊத்துற கஞ்சி எனக்குத் தெரியாதா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காது சூடானது. மூடிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, எனக்கு விடுமுறை. குழாய் வாயில் ஒரு சாக்கு வைக்கோலையும் மணலையும் திணித்து அடைத்து, கயிற்றால் நாலு முடிச்சுப் போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலையில் வந்தபோது என் முடிச்சு என் முடிச்சாகவே இருந்தது. சாக்கை உருவினேன். உள்பக்கம் ஈரமாக இருந்தது. யாரோ அதன்மேல் வாயை வைத்து வெகுநேரம் மூச்சு விட்ட மாதிரி. குளிருக்கு வேர்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் தனபாக்கியம் அம்மாள் சீக்கிரமே வந்துவிட்டார். குரலில் அவசரம் இருந்தது.

"நேத்து நீங்க சொன்னது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுங்க."

அவர் கிழமையைக் குழப்பிக்கொண்டார் என்று எண்ணி உம் கொட்டினேன்.

"வெயிலு கொளுத்துதுங்க." உம். "தம்பி நேத்தும் வந்து நின்னாரு." உம். "நெல்லு, வைக்கோலு எல்லாம் வீட்டுக்கே வந்துரும்ங்கறாரு."

இதற்கும் நான் ஓர் உம் போட்டேன். அது போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய அடுத்த வார்த்தை இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"புதங்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொல்றாரு. கையெழுத்துப் போட்டுடவாங்க?"

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். சத்தியமாகப் பொத்திக்கொண்டேன். ஆனால் முன்னமே கிளம்பிய அந்த உம், ஆற்றுக்கு அடியில் முந்நூற்றைம்பது மீட்டரையும் கடந்து, அவர் கேள்வி முடிந்து காத்திருந்த அந்த நொடியில் அந்தக் கரையில் போய் வெளிப்பட்டிருக்க வேண்டும்.

"சரிங்க" என்றது குரல். "நீங்களே சொல்லிட்டீங்க. அப்பறம் நான் யோசிக்கப்படாது."

புடவை உரசும் சத்தம். காலடி. பிறகு காக்கை கத்துவது மட்டும் குழாய் வழியாக வந்தது.

நான் குழாய்க்குள் தலையை விட்டேன். இல்லை, இல்லை, நான் அவர் இல்லை என்று கத்த வேண்டும். உள்ளே கும்மிருட்டு. அந்தக் குளிர் என் முகத்தில் வந்து அப்பியது. எனக்குச் சத்தம் வரவில்லை. ஒரு விதவையின் கஞ்சி என் வாயால் போகப்போகிறது, அந்த வாய் திறக்க மறுக்கிறது. தலையை வெளியே எடுத்துவிட்டு அழுதேன். (இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயது, கையில் காலித் தூக்குவாளி.)

அன்று சாயங்காலம் துரைசிங்கம் அண்ணனிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அட கிரகமே! அம்மாந்தூரம் சத்தம் போவ ஒரு நொடி ஆவும்டா. நீ முந்துன பேச்சுக்குக் கொட்டுறது அது பிந்துன பேச்சுக்குக் கேக்கும். நேரா போயி அந்தம்மாகிட்ட சொல்லிடு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னடா? பொம்பளைகிட்ட பேச மாட்டியா? செத்துப்போன ஆளு மாதிரி பேசுறப்ப இனிச்சுதா?"

"நாளைக்கு... குழாய்லயே சொல்லிடறேன்ணே. வேண்டாம்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னமோ பண்ணு. நாளைக்கு அங்க எனக்கு வேற வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க ஆற்றைப் பார்த்து நின்று ஒத்திகை பார்த்தேன். கிராமத்துப் புருஷன் பெண்டாட்டியிடம் எப்படிப் பேசுவான்? 'போடாதே' என்பானா, 'போடாத' என்பானா? குரலைத் தடிக்க வைத்துப் பார்த்தேன். கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாடு நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போயிற்று.

உச்சிப்பொழுது ஆயிற்று. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குழாய் வாயில் உட்கார்ந்தேன். 'என்னங்க' வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு முணுமுணுப்பு. பலர் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசுகிற மாதிரி, சொல் புரியாமல், அலை அலையாக வந்தது. சுடுகாட்டை ஒட்டிய குழாய் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த முணுமுணுப்புக்கு நடுவிலிருந்து ஓர் ஆண்குரல் மட்டும் தெளிவாகப் பிரிந்து வந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா வேலை முடிஞ்சுது. நெலத்துக்கு ஒண்ணும் ஆவாது, நான் பொறுப்பு."

மாரிமுத்து! பத்திரத்தைச் சுடுகாட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். நாளை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. என் கண்முன்னே, அதாவது காதுமுன்னே, அந்தப் பெண்ணின் கையில் பேனாவைத் திணிக்கிறான். என் நாக்கு அன்றுதான் முதல்முறையாகத் தானாகவே பிரிந்தது. குழாய்க்குள் தலையை விட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"போடாதே! கையெழுத்துப் போடாதே! போட்டா நெலம் போயிடும்!"

அந்தச் சத்தம் உருண்டு உருண்டு போயிற்று. ஒரு நொடி. இரண்டு நொடி. முணுமுணுப்பு கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுபோயிற்று. ஆறுகூட ஓடுவதை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இருநூறு பேர் ஒரே சமயத்தில் எழுப்பிய கூச்சல் வந்து என் முகத்தில் அறைந்தது. அதன் பின்னாலேயே பெண்கள் குலவையிடும் சத்தம்.

அங்கே என்ன நடந்தது என்பதைத் துரைசிங்கம் அண்ணன் பின்னால் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மாரிமுத்து பத்திரம் எதையும் கொண்டுவரவில்லை. அன்று ஊர்க்கூட்டம். இது எரிவாயுக் குழாய் இல்லை, குடிதண்ணீர்க் குழாய்தான் என்று காட்டுவதற்காகப் பொறியாளர் ஊரையே குழாய் வாய்க்கு அழைத்து வந்திருந்தார். "இதோ பாருங்க, நீலக் கோடு போட்டிருக்கு. நீலம்னா தண்ணி. கேஸுன்னா மஞ்சக் கோடுதான் போடுவாங்க" என்று விளக்கி, கரைவேட்டி கட்டிய கட்சிக்காரர் ஒருவரும் கூடவே 'நான் பொறுப்பு' என்று, நான் கேட்ட அதே குரலில் உறுதி சொல்லி, ஊர்த் தலைவர் ஒருவழியாகச் சம்மதித்து, வயல்களில் குழாய் பதிக்க ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய நேரம்.

அந்த நேரத்தில்தான் ஆறு பேசியது.

பேனா தலைவர் கையிலிருந்து நழுவிக் குழாய்க்குள் விழுந்து கடகடவென்று கீழே உருண்டு போயிற்றாம். பொறியாளர் உட்கார்ந்துவிட்டாராம். கரைவேட்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடியது எங்கள் குழுவில் பல நாளைக்குப் பேச்சாக இருந்தது. "நானே கும்புட்டுட்டேன்டா" என்றார் துரைசிங்கம் அண்ணன். "நீதான்னு தெரிஞ்சும் கை தானா மேல போயிடுச்சு. அது உன் குரலாவே இல்ல."

அரை மணி நேரத்தில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் நிறைய ஆள் வந்தது. நான் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தேன். இழுத்து நிறுத்தினார்கள்.

"இங்கேருந்து கத்துனது யாரு? நீயா?"

வாயைத் திறந்தேன். கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டிருந்தது. காற்று மட்டும் வந்தது.

"பேசு பாப்போம்!"

மறுபடியும் காற்று. கூடவே வந்திருந்த துரைசிங்கம் அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "இவனா? ரெண்டு வருசமா எங்ககூட இருக்கான், உம்முன்னு ஒரு வார்த்தைக்கு மேல பேசி நாங்க கேட்டதில்ல" என்றார். முந்தின நாள் சாயங்காலத்தைத் தள்ளிவிட்டால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்கள் என்னைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஓர் ஆள் மட்டும் குழாய்ப் பக்கமே வராமல் தள்ளி நின்றுகொண்டிருந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"எங்கண்ணன் குரல்தான்" என்றான் அவன். "என்னைத்தான் சொன்னாரு."

அதுதான் மாரிமுத்து. அன்று மாலையே அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது என்று கேள்வி.

புதன்கிழமை. பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், கரைச் சாலையில் ஓர் அம்மாள் தனியாக என்னை நோக்கி நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிவப்புக் கல் மூக்குத்தி. குரலைக் கேட்காமலே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன். ஓட இடமில்லை, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அவர்.

"நீங்கதானா தம்பி?"

நான் மண்ணைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்காரரு என்னை 'போடாதே'ன்னெல்லாம் பேச மாட்டாரு. வாங்க போங்கன்னுதான் கூப்புடுவாரு. ஊரே சிரிக்கும். அதுவும் எப்பவாச்சும்தான். மத்தபடி முப்பது வருசமும் உம்முதான்." அவர் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "நேத்து அந்தச் சத்தம் வந்ததும் எல்லாரும் சாமிங்கறாங்க, ஆவிங்கறாங்க. நான் மட்டும் ஆளுன்னு கண்டுக்கிட்டேன்."

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். கரகரவென்று, ஆனால் கேட்கிற அளவுக்கு வந்தது.

"எதுக்கு? என் கொழுந்தனாரு ரெண்டு மாசமா நயமா பேசுறாரு, ஊருல ஒருத்தரும் குறுக்க ஒரு வார்த்தை சொல்லல. மொகம் தெரியாத ஆளு ஒருத்தரு ஆத்துக்கு அந்தாண்டை குந்திக்கிட்டு தொண்டை கிழியக் கத்துறாரு. அப்பதான் எனக்கே உறைச்சுது. காலையில மாரிமுத்து வர்றதுக்கு முந்தி நானே போயிச் சொல்லிட்டேன், கையெழுத்தெல்லாம் கெடையாதுன்னு. அவரு வாயே தொறக்கல."

அவர் எழுந்தார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை பேசுனதும் நீங்கதானே?"

உம்.

"சனிக்கிழமை?"

உம்.

"ஞாயித்துக்கிழமை, அங்க குளிருதான்னு கேட்டேனே. அதுக்கு ரொம்ப நேரங்கழிச்சு ஒரு உம்மு வந்துச்சு. அதுவும் நீங்கதானே?"

ஞாயிற்றுக்கிழமை நான் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழாய் என் நாலு முடிச்சோடு அடைபட்டுக் கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"உம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே போனார். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு குழாயிலிருந்து நூறடி தள்ளிப் போய் வெயிலில் உட்கார்ந்தேன். மூடிகள் வருகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்.

தனபாக்கியம் அம்மாள் அந்த நாலு மாவைக் கடைசிவரை தானே சாகுபடி செய்தார். அது மட்டும்தான் நல்ல செய்தி. மற்றபடி, ஆறே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு எந்த ஊர்த் தலைவர் கையெழுத்துப் போடுவார்? அடுத்தடுத்த ஊர்களுக்கும் விஷயம் பரவியது. கறுப்புக்கொடி, சாலை மறியல், பேச்சுவார்த்தை. வேலை எட்டு மாதம் அப்படியே நின்றது. அதுவரை கடலோர ஊர்களில் பெண்கள் பழையபடி இரண்டு மைல் நடந்துபோய் ஊற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். நான் வேறு வேலைக்குப் போய்விட்டதால் அவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை.

எனக்குப் பெண் அமைந்தது அதே கடலோரத்தில், கோடியக்கரைப் பக்கம். மீன் வியாபாரக் குடும்பம், எல்லாரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம், ஒரு பலவீனமான நேரத்தில், என் மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். (ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுத்தான்.) அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இடுப்பில் குடம் வைத்துத் தழும்பேறிய இடத்தைத் தடவிக்கொண்டு, "அந்த எட்டு மாசம்... நீங்கதானா அது?" என்றாள். மறுநாள் காலையில் மாமியார் வீடு முழுவதற்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும், கூட்டத்தில் யாராவது என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நான் தொண்டையைச் செருமுவேன். உடனே மாமியார் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"செத்த இருங்க மாப்ள, ரெண்டு கொடம் தண்ணி புடிச்சு வச்சுட்டு வந்துடறேன்."